நாளும் மணியும் எண்ணாகும் விதம்

2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி மும்பையில் பெய்த பெருமழையை அந்நகரத்தார் இன்றும் அத்தேதியின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வலுத்த மழை இரவிலும் ஓயவில்லை. மின்சார இரயில்கள் நின்றன. மித்தி ஆறு கரைபுரண்டது. தாழ்ந்த பகுதிகளில் வீடுகளினுள் வெள்ளம் புகுந்தது. காலையில் அலுவலகம் சென்றவர்கள் பலர் இருப்புப்பாதை வழியே நடந்து செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் மறுநாள்தான் வந்து சேர்ந்தனர். சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் அளக்கப்பட்ட மழை 944.2 மில்லிமீட்டர். அதே நகரின் தென்கோடியிலுள்ள கொலாபா நிலையத்தில் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர் மட்டுமே.

இவ்விரு எண்களும் பலரும் அறிந்தவை. ஆனால் நாள்தோறும் பெய்த மழையைக் காட்டும் அட்டவணையை எடுத்து 26-ஆம் தேதிக்கு நேரே நோக்குபவர் 944.2 என்ற எண்ணை அங்கே காணமாட்டார். அது 27-ஆம் தேதிக்கு நேரே இருக்கும். இஃது எழுத்தர் பிழையன்று. நம் நாட்டில் மழைமானியின் அளவு நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. அதற்கு முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தில் சேர்ந்த நீர், அளவு எடுக்கப்பட்ட நாளின் பெயரில் எழுதப்படுகிறது. ஆகவே, செவ்வாய் மாலையில் பெய்த மழை புதன்கிழமையின் கணக்கில் ஏறிவிடுகிறது. வானிலைத் துறையினருக்கு இது பழகிப்போன வழக்கம். ஆனால் அவ்வட்டவணையைக் கடலேற்றங்களின் அட்டவணையோடும் இரயில்கள் நின்ற நேரங்களோடும் பொருத்திப் பார்க்க முற்படும் மாணவன், தேதியை மட்டும் நம்பிப் பொருத்துவானாகில், மக்கள் வெள்ளத்தில் நின்ற நாளில் மழையே இல்லை என்றும், மழை பெய்த நாளில் வெள்ளம் வடியத் தொடங்கியது என்றும் முடிவுகட்டுவான்.

முன்னாளில் இத்தகைய பொருத்தங்களை மனிதர் செய்தனர். ஐயம் தோன்றிய இடத்தில் அனுபவமுள்ள ஒருவரைக் கேட்டனர். இப்பொழுது அவ்வேலை கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கணிப்பொறி ஐயமுறுவதில்லை. கொடுத்த நாளையும் மணியையும் ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு விடை கூறிவிடுகிறது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

அவ்வெண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘டைம்ஸ்டாம்ப்’ என்று பெயர். இதனை ‘நேர முத்திரை’ எனத் தமிழாக்கும் வழக்கம் உண்டு. நானும் அலுவலகத் தாள்களில் அவ்வாறே எழுதி வந்திருக்கிறேன். ஆயினும் அச்சொல் எனக்கு நிறைவளிப்பதில்லை. முத்திரை என்றதும் தபால் நிலையத்து முத்திரையே நினைவுக்கு வருகிறது. அதிலே ஊரும் தேதியும் படிக்கத்தக்க வடிவில் இருக்கும். இங்கு நாம் பேசும் பொருளில் ஊரும் இல்லை, தேதியும் இல்லை. குறிப்பிட்ட ஒரு கணத்திலிருந்து எத்தனை விநாடிகள் கழிந்தன என்ற கணக்கு மட்டுமே உள்ளது. ஆதலின் இக்கட்டுரையில் ‘கால எண்’ என்றே வழங்குவேன்.

கருத்து நமக்குப் புதிதன்று. மாதங்களும் ஆண்டுகளும் சமமற்ற நீளமுடையவை. அவற்றைக் கூட்டிக் கழிப்பது கடினம். ஆகையால் நம் பழைய வானநூலார் முதற்கண் கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களின் தொகையைக் கண்டனர். அதற்கு ‘அஹர்கணம்’ என்று பெயர். அத்தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18-க்கு ஒப்பாகும். கிரகங்களின் நிலையானாலும் கிரகணமானாலும் அத்தொகையைக் கொண்டே கணக்குத் தொடங்கும். 1825-இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுவையைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் எழுதுகோலும் தாளுமின்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களின் துணைகொண்டு சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்ததைப் பதிவு செய்துள்ளார். சோழிகள் காட்டியதும் நாட்களின் தொகையே. ஐரோப்பியரும் இதே தேவையினால் ‘ஜூலியன் நாள்’ என்ற தொகையை அமைத்துக்கொண்டனர். அது கி.மு. 4713-இல் தொடங்கி, நண்பகல்தோறும் ஒன்று கூடுவது. இரவு முழுவதும் விண்மீன்களை நோக்குபவருக்கு நள்ளிரவில் தேதி மாறுவது இடையூறு; நண்பகலில் மாறினால் ஓர் இரவின் குறிப்புகள் யாவும் ஒரே நாளில் அடங்கும்.

இவற்றிற்கு இளையது யூனிக்ஸ் என்ற கணிப்பொறி அமைப்பின் கணக்கு. அதன் சுழி 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவு. அக்கணத்தில் இந்தியாவின் கடியாரங்கள் காலை 5.30 காட்டின. கலித்தொகையில் அந்நாள் 18,52,122. பைத்தான், பி.எச்.பி., பெர்ல் முதலிய ஸ்கிரிப்ட் மொழிகள் யாவும் இச்சுழியையே கையாளுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் விநாடிக்குப் பதிலாக விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொள்கிறது. இச்சுழியைப் பற்றி ஒரு சிறு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்பின் பொருட்டு என்னிடம் வந்த பணியாளர் பட்டியல் ஒன்றில், சிறிதும் தொடர்பில்லாத பதினொருவர் 1970 ஜனவரி முதல் தேதியில் பிறந்திருந்தனர். பிறந்த தேதி எழுதப்படாத இடங்களைக் கணிப்பொறி சுழியாகக் கொண்டு, சுழியை மீண்டும் தேதியாக மாற்றிக் கொடுத்திருந்தது. அவர்களுள் ஒருவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர் என்று பின்னர் அறிந்தேன்.

இனி ஒரு கணக்கைக் கையினாலேயே செய்து பார்ப்போம். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் செய்து காட்டலாம். பெருக்கலும் கூட்டலும் அன்றி வேறொன்றும் வேண்டியதில்லை. சாந்தாக்ரூஸில் அந்தப் பேரளவு எடுக்கப்பட்ட கணம் 2005 ஜூலை 27, காலை 8.30. 1970 முதல் 2004 முடிய 35 ஆண்டுகள். 365 ஆல் பெருக்கினால் 12,775. இடையில் 1972 முதல் 2004 வரை ஒன்பது லீப் ஆண்டுகள். ஆக 12,784 நாட்கள். 2005-இல் ஜூன் முடிய 181 நாட்கள், ஜூலையில் முழுமையாகக் கழிந்தவை 26. மொத்தம் 12,991. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகளாகப் பெருக்கினால் 1,12,24,22,400 விநாடிகள். இது ஜூலை 27, கிரீனிச் நள்ளிரவின் கால எண். நம் 8.30 மணியிலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் உலகப் பொது நேரம் 3 மணி, அதாவது 10,800 விநாடிகள். இரண்டையும் கூட்ட வருவது 1,12,24,33,200. இதிலிருந்து 86,400-ஐக் கழித்தால் முந்திய நாள் காலை 8.30 மணியின் எண் கிடைக்கும். 944.2 மில்லிமீட்டர் மழை இவ்விரு எண்களுக்கும் இடையில் பெய்தது. இவ்வாறு எழுதிவிட்டால் 26-ஆ 27-ஆ என்ற வழக்கே எழாது. மழைக்கு உரியது ஒரு தேதி அன்று. தொடக்கமும் முடிவும் உடைய ஓர் இடைவெளி. அட்டவணையை ஆக்குவோர் இவ்விரு முனைகளையும் பதிந்து வைப்பாராயின் கடலேற்றத்தோடு பொருத்துவது எளிதாகும்.

மேற்கண்ட கணக்கில் ஆபத்தான படி எது? பெருக்கல் அன்று, ஐந்தரை மணியைக் கழித்த படியே. பயிலுநர் அதை மறந்தாலும் எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது. 1,12,24,53,000 என்ற எண் அமைதியாக வந்து நிற்கும். 19,800 விநாடிகள் மிகுதி. அவ்வெண்ணைச் செம்பூரில் மீண்டும் நேரமாகப் படித்தால், காலை எட்டரைக்கு எடுத்த அளவு பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்ததாகத் தோன்றும். பைத்தான் மொழியில் இப்பிழை மிக எளிதில் நேர்வது. ஒரு நேரத்தை அதன் இடம் குறிக்காமல் கொடுத்துக் கால எண் கேட்டால், அந்நிரல் ஓடும் கணிப்பொறியின் உள்ளூர் நேரமே அது என்று அம்மொழி கொள்கிறது. ஆசிரியரின் மடிக்கணினி இந்திய நேரத்தில் அமைந்திருக்கும்; விடை சரியாக வரும். அதே நிரலைத் தொலைவிலுள்ள பெரிய சேவைக் கணிப்பொறியில் ஏற்றினால், அவை பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் அமைந்திருப்பதால், விடை ஐந்தரை மணி பிசகிவிடும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஓடிய இடம் மாறியது, அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கம் இன்னும் வியப்புக்குரியது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கோடிட்டுத் தேதியை மட்டும் எழுதினால் அதனைக் கிரீனிச் நள்ளிரவாகக் கொள்கிறது. அத்தேதியோடு மணியையும் சேர்த்து எழுதினால் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. மாதங்களை எண்ணால் கொடுக்குமிடத்து அது ஜனவரியைச் சுழி என்று எண்ணும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஐந்தரை மணி என்ற இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இங்குதான் மும்பையின் பழங்கதை நமக்கு உதவுகிறது.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகிறது. மும்பை ஏறக்குறைய 72 பாகை 49 கலை கிழக்கில் உள்ளது. ஆகையால் அங்கே சூரியன் கிரீனிச்சை விட 4 மணி 51 நிமிஷம் முன்னதாக உச்சிக்கு வருகிறது. இதுவே ‘பம்பாய் நேரம்’ எனப்பட்டது. சென்னையின் நேரம் 5 மணி 21 நிமிஷம். 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வு நிலையத்தின் கடியாரத்தையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டின் இரயில்வேக்கள் பின்பற்றின. 1881-இல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்கூசன் சென்னை நேரத்தைத் தம் நகரத்திலும் நடைமுறைப்படுத்த முயன்று, எதிர்ப்பு மிகுந்ததால் 1883-இல் கைவிட நேர்ந்தது. பின்னர் 1906 ஜனவரி 1 முதல், 82 1/2 பாகை தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் வந்தது. பம்பாயில் கடியாரத்தை 39 நிமிஷம் முன்னே தள்ள வேண்டியதாயிற்று. இதனால் ஆலைச் சங்கு முன்னிலும் 39 நிமிஷம் முன்னதாக ஊதும் என்று பொருள். அந்த ஜனவரியிலேயே பஞ்சாலைத் தொழிலாளர் பல்லாயிரவர் கிளர்ச்சி செய்தனர். நகராட்சி மன்றமும் பழைய நேரத்தையே தன் கடியாரங்களில் நிலைநிறுத்தியது. நாடு விடுதலை அடைந்து சில ஆண்டுகள் கழியும் வரை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரில் இரயில் நிலையக் கடியாரம் ஒரு நேரமும் நகராட்சிக் கடியாரம் வேறொரு நேரமும் காட்டி வந்தன. மக்கள் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழகியிருந்தனர் எனலாம்.

இத்துடன் போர்க்காலமும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியத் திட்ட நேரம் மேலும் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டுக் கிரீனிச்சை விட ஆறரை மணி முன்னதாக இருந்தது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் அந்நாளில் பல. அத்தகைய குடும்பம் ஒன்றில், 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இரவொன்றில் ஒரு குழந்தை பிறந்ததாக எண்ணிக்கொள்வோம். பிறந்த கணம் உலகப் பொது நேரப்படி ஜூன் 9, மாலை 6 மணி. பம்பாய் நேரத்தில் ஓடிய கடியாரம் அப்பொழுது இரவு 10.51 காட்டியிருக்கும். போருக்கு முந்திய திட்ட நேரத்தை மாற்றாமல் விட்டிருந்த கடியாரம் 11.30 காட்டியிருக்கும். அரசாங்கக் கடியாரமோ நள்ளிரவு கடந்து 12.30 காட்டியிருக்கும், தேதியும் ஜூன் 10 ஆகியிருக்கும். பிறந்தது ஒரு கணம், மணிகள் மூன்று, தேதிகள் இரண்டு. பாட்டனார் ஓலையிலோ காகிதத்திலோ குறித்து வைத்த நேரம் இவற்றுள் எதுவென்று பேரப்பிள்ளைகளால் கூற இயலாது. சாதகக் கணிப்பின் மெய்ம்மை இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் பள்ளிச் சேர்க்கை, ஓய்வூதியம், வாரிசுரிமை ஆகியவை தேதியைப் பற்றியே நிற்பவை. ஒரு நாள் வேறுபாடு ஓராண்டு வேறுபாடாக முடியும் இடங்களும் உண்டு.

அக்கணத்தின் கால எண் 1970-க்கு முற்பட்டதாகையால் குறை எண்ணாகும்: குறை 83,82,74,400. இதனைப் பைத்தானைக் கொண்டு சரிபார்க்கலாம். உலகின் ஒவ்வொரு பகுதியிலும் கடியாரங்கள் எந்த நாளில் எவ்வளவு மாற்றப்பட்டன என்ற வரலாற்றைத் திரட்டிய பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு. பெரும்பாலான கணிப்பொறிகளில் அது இடம்பெற்றுள்ளது. 2020-இல் வெளிவந்த பைத்தான் 3.9 முதல் ‘ஜோன்இன்ஃபோ’ என்ற கூறு அதனைப் படித்துத் தருகிறது. இந்தியா முழுமைக்கும் அதில் ‘ஆசியா-கொல்கத்தா’ என்ற ஒரே பதிவுதான். அப்பதிவைக் குறிப்பிட்டு 1943 ஜூன் 10, 12.30 என்று கொடுத்தால், போர்க்கால ஆறரை மணியைத் தானே கழித்துச் சரியான எண்ணைத் தரும். இம்மட்டில் அதன் நினைவாற்றல் பாராட்டத்தக்கது. ஆனால் அதே பதிவில் பம்பாய் நேரப்படி ஜூன் 9, இரவு 10.51 என்று கொடுத்தால், அதிலும் ஆறரை மணியையே கழிக்கும். விடை 99 நிமிஷம், அதாவது 5,940 விநாடி பிசகிவிடும். தொகுப்பு போரை அறியும். பம்பாய் நேரத்தை அறியாது. ஒரு நகரம் அரை நூற்றாண்டளவு பிடிவாதமாகக் காத்த நேரம் அதில் ஒரு வரியும் பெறவில்லை. இத்தகைய பழம்பதிவுகளைக் கையாளுபவர் நேரத்தோடு 4 மணி 51 நிமிஷம் என்ற வேறுபாட்டைத் தாமே எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதற்கு முன், அந்தப் பதிவு எந்தக் கடியாரத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும். இதனைக் கணிப்பொறி கண்டுபிடித்துத் தராது.

தற்காலப் பதிவுகளில் இவ்வளவு இடர் இல்லை. அத்தொகுப்பின்படி 1945-க்குப் பின் இந்தியத் திட்ட நேரம் மாறவில்லை. தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் அதனைக் காத்து வருகிறது. ஆனால் களப்பணியாளரின் குறிப்பேட்டில் வேறோர் இடர் உண்டு. அது சாய்கோடு. நாம் 5/6/2005 என்று எழுதினால் ஜூன் ஐந்து. அமெரிக்கர் படித்தால் மே ஆறு. பி.எச்.பி. மொழியில் எழுத்து வடிவிலுள்ள தேதியைக் கால எண்ணாக்கும் ‘ஸ்ட்ர்டுடைம்’ என்ற கட்டளை, சாய்கோட்டைக் கண்டால் அமெரிக்க முறையையும், அதே எண்களுக்கிடையே சிறு கிடைக்கோட்டைக் கண்டால் நம் முறையையும் பின்பற்றுகிறது. 5-6-2005 என்று எழுதியவர் தப்பினார்; 5/6/2005 என்று எழுதியவர் ஒரு மாதம் பின்னே போனார். ஜூன் மாதக் குறிப்புகளை ஒருவர் சாய்கோடிட்டுக் கொடுத்ததாகக் கொள்வோம். 13-ஆம் தேதி முதல் கட்டளை மறுத்துவிடும், பதின்மூன்றாம் மாதம் இல்லையாதலால். அதற்கு முந்திய பன்னிரண்டு நாட்களோ ஓசையின்றி ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்திற்கு ஒன்றாகச் சிதறிவிடும். ஆறாம் தேதி ஒன்று மட்டும் தற்செயலாகச் சரியாக அமையும். சோதித்துப் பார்ப்பவர் அந்த நாளையே எடுத்துச் சோதித்தால் அவர் அதிர்ஷ்டம் கெட்டது. பின் பதினெட்டு நாட்களில் வெளிப்படும் பிழை நன்மையே செய்கிறது என்பேன். மறுக்கப்பட்டது நம் கண்ணில் படும்.

ஆகவே ஆண்டை முதலிலும், மாதத்தை நடுவிலும், நாளை இறுதியிலும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதி, நேரத்தை எழுதி, அதன் பின் ‘+05:30’ என்று சேர்த்துவிடுவதே தக்கது: 2005-07-27 08:30:00 +05:30. உலகத் தர நிர்ணயப்படி தேதிக்கும் நேரத்திற்கும் இடையே ‘டி’ என்ற ஆங்கில எழுத்து வரும். இவ்வடிவில் எழுதியதைச் செம்பூரில் படித்தாலும் சிகாகோவில் படித்தாலும் ஒரே எண்ணே கிடைக்கும். குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் எழுத இயலாதெனில் முதற்பக்கத்தில் ஒரு முறையேனும், எந்தக் கடியாரம், நாள் எப்பொழுது தொடங்குவதாகக் கொள்ளப்பட்டது என்ற இரண்டையும் எழுதி வைக்கலாம்.

நாள் எப்பொழுது தொடங்குகிறது என்ற வினா பஞ்சாங்கம் பார்ப்பவருக்குப் புதிதன்று. மாட்டுங்காவின் தமிழ் வீடுகளில் தொங்கும் நாட்காட்டியில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. சென்னைக்குக் கணித்த உதயமாயின், தீர்க்கரேகை வேறுபாட்டினால் மட்டுமே மும்பையில் அது ஏறக்குறைய அரை மணி பிந்தி நிகழும். மாதப் பிறப்பிலோ பிரதேசத்திற்கொரு விதி. சூரியன் ஒரு ராசியில் புகும் நேரம் அஸ்தமனத்திற்கு முற்பட்டதாயின் தமிழ்நாட்டில் அன்றே மாதம் பிறக்கும், பிற்பட்டதாயின் மறுநாள். கேரளத்தில் எல்லை பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு, வங்காளத்தில் நள்ளிரவு. ஒரே சங்கிராந்திக்கு மூன்று மாநிலங்களில் மாதம் வெவ்வேறு நாளில் பிறத்தல் கூடும். இந்தக் குழப்பத்தை ஆராயவே 1952-இல் மேகநாத் சாஹா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அது 1955-இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் தேதியாக அறிவிக்கப்பட்டு, தேசியப் பஞ்சாங்கம் வழக்கிற்கு வந்தது. மாதங்களுக்கு முப்பது அல்லது முப்பத்தொரு நாட்கள் என நிலையான நீளம் வகுத்திருப்பதால், இதனைக் கால எண்ணாக மாற்றும் நிரலைப் பள்ளி மாணவனும் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். சாந்தாக்ரூஸில் அளவெடுத்த நாள் சக ஆண்டு 1927, சிராவண மாதம் 5. தமிழ்க் கணக்கில் அது பார்த்திப ஆண்டு ஆடி மாதம். அதன் நாளைக் காண்பதற்குச் சூரியன் கடக ராசியில் புகுந்த நேரமும் அன்றைய அஸ்தமன நேரமும் தேவை. அது வேறு தரத்துக் கணக்கு, பிறிதோர் இதழுக்குரியது.

பூமியின் சுழற்சி சீரற்றிருப்பதால் 1972 முதல் 2016 முடிய உலக நேரத்தில் இருபத்தேழு முறை ஒரு விநாடி செருகப்பட்டது. கால எண் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாள் ஒன்றுக்கு 86,400 என்ற விதியை அது கைவிடுவதில்லை. மழைமானிக்கும் பள்ளிக்கும் இதனால் தீங்கொன்றும் இல்லை.

களத்தில் பழைய கருவிகளை வைத்திருப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. கால எண்ணை முப்பத்திரண்டு இருமை இலக்கங்களில் அடக்கி வைக்கும் கருவிகள் இன்னும் உண்டு. அவற்றில் அடங்கும் பேரெண் 214,74,83,647. அவ்வெண் நிரம்பும் கணம் 2038 ஜனவரி 19, இந்தியத் திட்ட நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. அன்றைய மழை அளவு எடுத்துப் பதினான்கு நிமிஷம் கழிந்திருக்கும். அடுத்த விநாடியில் எண் எதிர்முனைக்குப் புரண்டு, குறை 214,74,83,648 ஆகிவிடும். அந்த எண்ணைப் பைத்தானிடம் கொடுத்து இந்தியப் பதிவின்படி நாளாக மாற்றச் சொன்னேன். 1901 டிசம்பர் 14, பின்னிரவு 2 மணி 7 நிமிஷம் 2 விநாடி என்று விடை வந்தது. 1906-க்கு முற்பட்ட நாளாதலால் அது ஐந்தரை மணியைக் கூட்டவில்லை. 5 மணி 21 நிமிஷம் 10 விநாடியைக் கூட்டியிருந்தது. அது சென்னை நேரம். அதே கணத்தில் பம்பாய்க் கடியாரங்கள் 1.36 காட்டியிருக்கும்.